முன்பிரேக்குக்குப் பயப்படாதீர்கள்

"முன்பிரேக்கைத் தொட்டுடாதே, குப்புற விழுந்துடுவே." வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணனோ சித்தப்பாவோ முதல் நாளே சொன்ன இந்த எச்சரிக்கை நம்மில் பலருக்கு இன்னும் காதில் நிற்கிறது. சைக்கிளில் தொடங்கி மொபெட்டில் வளர்ந்த பயம் அது. பிறகு சம்பாதித்து, ஆசைப்பட்டு, மீட்டியர், அவெஞ்சர் மாதிரி ஒரு க்ரூஸர் பைக் வாங்கும்போதும் அந்தப் பயம் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆபத்து என்றதும் வலது கால் பெடலை ஓங்கி மிதிக்கிறது. வலது கை லிவரை எட்டுவதே இல்லை. க்ரூஸர் ஓட்டுகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். "இது நீளமான வண்டி, பின்பிரேக்கே போதும்" என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உயிரைப் பணயம் வைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் வண்டியைப் பாருங்கள். சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-ன் எடை 191 கிலோ. முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 1,400 மி.மீ. தூரம். இருக்கை தரையிலிருந்து 765 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அதன் அண்ணன் சூப்பர் மீட்டியர் 650 இன்னும் கனம்: 241 கிலோ, அச்சுகளுக்கிடையே 1,500 மி.மீ., 740 மி.மீ. இருக்கை. நீளம், தாழ்வு, கனம் இந்த மூன்றும்தான் க்ரூஸரின் உடல்வாகு. பிரேக் பிடிக்கும் முறையையும் இந்த உடல்வாகுதான் தீர்மானிக்கிறது.

ஓடும் வண்டியை நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மீட்டியர் மாதிரி ஒரு வண்டி, அதில் நீங்கள் ஒருவர், மொத்தம் 270 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது இரண்டு சக்கரங்களும் ஆளுக்குப் பாதி, 135 கிலோ தாங்குகின்றன. வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்தால், சுமார் 80 கிலோ பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு இடம் மாறுகிறது. இப்போது முன் டயர் 215 கிலோவைத் தாங்குகிறது. பின் டயரின் மேல் மிஞ்சுவது 55 கிலோ. டயர் சாலையைப் பற்றுவது அதன் மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது. எடை இழந்த பின் டயரை நிறுத்தினால் அது தேய்த்துக்கொண்டு வழுக்கும். எடை ஏறிய முன் டயரோ எவ்வளவு கேட்டாலும் கொடுக்கத் தயாராக நிற்கிறது.

அதே கணக்கைத் தூரமாக்கிப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் இந்த வண்டியைப் பின்பிரேக்கால் மட்டும் நிறுத்த 47 மீட்டர் வேண்டும். முன்பிரேக்கால் மட்டும் என்றால் 23 மீட்டர். இரண்டையும் அளவறிந்து சேர்த்துப் பிடித்தால் 18 மீட்டர். இவை நல்ல டயர், காய்ந்த சாலை, தேர்ந்த கை என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வண்டியில் எண்கள் முன்பின் ஆகலாம், ஆனால் வரிசை மாறாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்தவர் நின்றுவிட்ட அந்த 18-வது மீட்டரில், பின்பிரேக்கை மட்டும் மிதித்தவர் இன்னும் மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். குறுக்கே வந்த ஆட்டோ அங்கேதான் நிற்கிறது.

குப்புறக் கவிழும் பயத்துக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. பின் சக்கரம் தூக்கி வண்டி தலைகீழாகப் புரள வேண்டுமானால், எடையின் மையம் உயரமாகவும் முன் சக்கரத்துக்குக் கிட்டேயும் இருக்க வேண்டும். நீளம் குறைந்த, உயரமான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் அது நடக்கும். தாழ்ந்து நீண்ட க்ரூஸரில், சமதளச் சாலையில், அந்த நிலை வரும் முன்பே முன் டயரின் பிடிமானம் தீர்ந்துவிடும். ஆக, நாம் பயப்பட வேண்டியது கவிழ்வதற்கு இல்லை. முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் சரிவதுதான் உண்மையான ஆபத்து. அது வருவது லிவரை வெடுக்கென்று இழுப்பதால். மெதுவாகத் தொடங்கி வலுவாக முடிக்கிற கைக்கு அது அநேகமாக வருவதில்லை.

அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. ஆபத்தைக் கண்டு எதையாவது செய்ய அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு. இரண்டு வினாடியில் யோசிக்க முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும்.

கை செய்ய வேண்டியது

லிவரைப் பிடிப்பது பால் கறப்பதைப் போன்றது. பழகிய விரல்கள் முதலில் மென்மையாகப் பற்றி, பிறகுதான் அழுத்தம் கூட்டும். வெடுக்கென்று இழுத்தால் மாடு உதைக்கும். பைக்கிலும் முதல் அரை வினாடி அந்த மென்மைக்குத்தான். லிவரின் தளர்வு போய், பேட் டிஸ்க்கைத் தொட்டு, முன் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும். எடை முன் டயருக்கு வந்து சேர இந்த இடைவெளி வேண்டும். எடை வந்ததும் டயர் தரையில் அகன்று படியும். அதற்குப் பிறகு டயரின் பிடிமானம் தாங்கும்வரை அழுத்தத்தை ஏற்றலாம். வரிசை மாறினால், அதாவது எடை வரும் முன்பே முழு அழுத்தமும் வந்துவிட்டால், லேசாக இருக்கும் டயர் பூட்டிக்கொள்ளும்.

கால் கையோடு ஒரே நேரத்தில், அல்லது ஒரு கணம் முன்னால் வேலையைத் தொடங்கலாம். பின்பிரேக்கை இலேசாகத் தொட்டால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்காரும், உடல் முன்னால் தள்ளப்படுவது குறையும். பிறகு கையில் அழுத்தம் ஏற ஏறக் காலில் அழுத்தம் இறங்க வேண்டும். பலருக்கும் இது தலைகீழாகத்தான் வரும். பதற்றம் கூடக் கூட, கால் இன்னும் பலமாக மிதிக்கும். பழக்கித்தான் மாற்ற வேண்டும்.

பின்பிரேக்குக்கு எவ்வளவு பங்கு? சிக்னலை நோக்கி நிதானமாக வேகம் குறைக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்குக் கொடுக்கலாம். அவசரமாக நிறுத்தும்போது ஐந்தில் ஒரு பங்குதான் அதனால் தாங்க முடியும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இதைவிடவும் குறைவு. "க்ரூஸரில் பின்பிரேக் நன்றாக வேலை செய்யும்" என்று சொல்கிறவர்களின் பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். நல்ல துணை. முதல் ஆள் முன்பிரேக்தான்.

உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும். மற்ற பைக்குகளில் முழங்கால்களால் டேங்க்கை இறுக்கி உடம்பைத் தாங்கலாம். க்ரூஸரில் கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால் அது சரியாக வராது. முழு எடையும் கைகளின் வழியே ஹேண்டில்பாரில் போய் விழும். கை விறைத்தால் விரல்களின் நுணுக்கம் போய்விடும். ஆகவே பாதங்களை ஃபுட்பெக்கில் ஊன்றி, வயிற்றை இறுக்கி, முழங்கைகளைச் சற்று மடக்கி வையுங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன்னால் இருக்கும் பள்ளத்தையோ மோதப்போகும் வண்டியையோ முறைத்துக்கொண்டிருந்தால் பைக்கும் அங்கேயேதான் போகும்.

சில க்ரூஸர்களில் பெடலை எட்டக் காலைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் போகும் கால் வினாடியில் வண்டி நாலு மீட்டர் தாண்டிவிடும். பெடலின் உயரத்தை உங்கள் ஷூவுக்கு ஏற்ப மெக்கானிக்கிடம் சொல்லி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். பாதத்தைப் பெடலின் மேலேயே போட்டுக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. பிரேக் சூடாகும். பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், நீங்கள் நிஜமாகவே பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

பழைய வண்டியின் பழக்கம்

ஸ்கூட்டரிலிருந்து க்ரூஸருக்கு வருகிறவர்களுக்கு ஒரு தனி ஆபத்து காத்திருக்கிறது. ஸ்கூட்டரில் இடது லிவர் பின்பிரேக். க்ரூஸரில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. திடுக்கிட்ட நேரத்தில் இடது கை பழக்கப்படி இறுகினால் வண்டி நிற்காது, எஞ்சினின் பிடியிலிருந்தும் விடுபட்டுத் தாராளமாக ஓடும். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குக் காலில் குழப்பம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பாவின் புல்லட்டையும் தன் மீட்டியரையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள், வண்டியில் ஏறியதும் கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துக் கைகாலுக்கு நினைவூட்டுவது நல்லது. முதல் நூறு மீட்டருக்குள் மெதுவான வேகத்தில் இன்னொருமுறை.

ஏபிஎஸ் இருக்கிறதே?

125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, பிரேக் அழுத்தத்தை வினாடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கும் கருவி அது. பல உயிர்களைக் காப்பாற்றும் கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் வண்டியில் அது எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று தெரியுமா? மீட்டியரில் இரண்டு சக்கரத்திலும் உண்டு. அவெஞ்சரில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் இருப்பது டிரம். அதில் பெடலை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவரோ பெடலோ படபடவென்று அதிரும். முதல்முறை அதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. அதிர்வு வந்தால் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். வண்டி நிற்கும்வரை அழுத்தம் அப்படியே இருக்கட்டும். சரளைக்கல்லிலும் மண்ணிலும் ஏபிஎஸ் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பவே வேண்டாம்.

ஏபிஎஸ் இல்லாத பழைய தண்டர்பேர்டு மாதிரி வண்டி என்றால் இரண்டு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் பூட்டினால் உடனே லிவரை விட்டு, மறுபடி மென்மையாகத் தொடங்க வேண்டும். பின் சக்கரம் பூட்டி, வண்டி நேராகவே போய்க்கொண்டிருந்தால் பெடலை மெல்லத் தளர்த்தலாம். பின்பக்கம் ஏற்கனவே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தால் தளர்த்தாதீர்கள், அப்படியே நிறுத்திவிடுங்கள். கோணலாக நிற்கும் டயருக்குத் திடீரென்று பிடிமானம் திரும்பினால் வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து உங்களை மறுபக்கம் தூக்கி எறியும். வழுக்கி விழுவதைவிட அது கொடியது.

நம் சாலைகளில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று அடித்துக் கொண்டுவந்து போடும் மணல், சாலை ஓரத்தில் மெல்லிய படலமாகக் கிடக்கும். டெல்டா மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயும். டயருக்கு அடியில் அந்த மணிகள் உருளும், பிடிமானம் என்று ஒன்றுமே இராது. கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில், சாலையில் ஊறியிருந்த எண்ணெய் மேலே வந்து மிதக்கும். இவற்றின் மேல் இருக்கும்போது முன்பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. அவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, லிவரை விட்டு, நேராக உருண்டு கடக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பின்பிரேக்கை இலேசாக. ரயில்வே கேட் தண்டவாளமும், ஈரமான வெள்ளைக் கோடும் இதே கணக்குத்தான். நன்றாக நனைந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கும் வேண்டும், ஆனால் நிற்க ஒன்றரை மடங்கு தூரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில்லாத வேகத்தடை நம் ஊரின் நிரந்தரத் தலைவலி. கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். முடிந்தவரை வேகத்தைக் குறையுங்கள், ஆனால் முன் சக்கரம் மேட்டில் ஏறும் கணத்தில் லிவரை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் ஃபோர்க் ஏற்கனவே அமுங்கியிருக்கும், அடியை வாங்க அதற்கு இடம் இராது.

வளைவைப் பற்றி ஒன்றே ஒன்று: வேகத்தைக் குறைக்கும் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். சாய்வதற்கும் அதிலிருந்துதான், நிற்பதற்கும் அதிலிருந்துதான். க்ரூஸரின் ஃபுட்பெக் தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே தரையில் உரசும், முன்பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கினால் இன்னும் சீக்கிரம் உரசும். வளைவுக்கு நடுவில் மாடு நின்றால் முதலில் வண்டியை நிமிர்த்தி, பிறகு அழுத்திப் பிடியுங்கள்.

மலையிறக்கம் தனிப் பாடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், வால்பாறையின் 40 வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. தொடர்ந்து தேய்த்தபடி இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து பிடி தளரும். டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கொதித்து லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ, இறங்கும்போதும் அதே கியரில் வாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது. க்ரூஸரின் பெரிய எஞ்சின் வண்டியை நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு பிரேக்கையும் சற்று அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டு, ஆறவிடுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களை இன்றும் பார்க்க முடிகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கால் தனியாக ஆள வேண்டிய இடமும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், குறுகிய தெருவில் யூ-டர்ன் அடிக்கும்போதும், வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பும்போதும் பின்பிரேக் மட்டும்தான். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும். 190 கிலோவை ஒற்றைக் காலால் தாங்க முடியாது. ஷோரூம் வாசலிலேயே புது வண்டி கீழே விழுவது இப்படித்தான்.

பழகுங்கள்

பழகப் போகும் முன் வண்டியைப் பார்த்துவிடுங்கள். பேட் தேய்ந்திருக்கிறதா, லிவர் கெட்டியாக நிற்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே பின் டிஸ்க்கில் படக்கூடாது. வாட்டர் சர்வீஸ் முடிந்து வெளியே வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை இலேசாகப் பிடித்து உலர்த்துங்கள்.

ஊருக்கு வெளியே புதிதாகத் தார் போட்டு, வீடு கட்டாமல் கிடக்கும் மனைப்பிரிவுச் சாலைகள் இதற்கு நல்ல இடம். காலை வேளையில் போங்கள், ஹெல்மெட்டும் ஷூவும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். மண் கிடந்தால் பெருக்கிவிடுங்கள். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பின்பிரேக்கால் மட்டும் நிறுத்துங்கள். நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். அடுத்து முன்பிரேக் மட்டும், மெதுவாகத் தொடங்கி. அங்கே ஒரு கல். பிறகு இரண்டும். மூன்று கற்களையும் திரும்பிப் பாருங்கள். இந்த அத்தியாயத்தின் எல்லாக் கணக்கையும்விட அந்தக் கற்கள் உங்கள் கைக்கு நன்றாகப் புரியவைக்கும். கை பழகிய பிறகு 40, பிறகு 50. ஏபிஎஸ் இருந்தால், ஒருமுறையாவது நேரான சாலையில் அதை வேலை செய்யவைத்து அந்த அதிர்வை உணர்ந்துவிடுங்கள். நிற்கும்போது கிளட்ச்சைப் பிடித்து முதல் கியருக்கு இறக்குவதையும் சேர்த்தே பழகுங்கள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் உடனே நகர வேண்டியிருக்கும்.

பிறகு ஒருநாள், வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய எடை பின் சக்கரத்தின் மேல் விழுவதால் பின்பிரேக்குக்குப் பலம் கூடும், அதைக் கூடுதலாகவே மிதிக்கலாம். அழுத்திப் பிடிக்கும்போது அவர் முன்னால் சரிந்து உங்கள் கைகளில் பாரத்தைப் போடுவார். இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவையுங்கள். முப்பது கி.மீ. வேகத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள், அவரோடு போகும்போது அந்த வண்டியின் பிரேக்கே வேறு.